கணவர் வந்து கேட்கிறார், நான் என்ன சொல்வது?

குமுளியில் மனநல ஆலோசகராக இருக்கும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தேனி மாவட்டக் கூடலூரிலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்கு வரும் ஒரு பெண், ஆறு வாரமாக இவரிடம் கவுன்சிலிங்குக்கு வருகிறார். கணவர் அடிக்கிறாராம். போன வாரம், "தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தைக் குடிச்சிடலாம்னு இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். கணவரோ வாசகியின் அண்ணனுக்கு நண்பர். வீட்டுக்கே வந்து, "எம் பொண்டாட்டி உங்ககிட்ட வர்றாளா, என்ன சொல்றா?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் அன்பாகக் கொடுத்த ஏலக்காய்ப் பொட்டலம் ஒன்று மேசையில் கிடக்கிறது. உயிர் ஆபத்து என்றால் வீட்டாரிடம் சொல்லலாம் என்று படித்திருக்கிறேன், சொல்லட்டுமா என்பது கேள்வி.

கணவரிடம் சொல்லாதீர்கள்.

நீங்கள் படித்தது பொய்யில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவில், சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாகக் காக்கச் சொல்கிறது. உயிருக்கு அச்சுறுத்தல் இருந்தால் விலக்கும் தருகிறது. ஆனால் அதைத் தடுக்கத் தேவையான விவரம் மட்டும்தான் வெளியே போகலாம். அடிக்கிற கையிடமே போய் "உங்க மனைவி சாகணும்னு சொல்றாங்க" என்றால் ஆபத்து குறையுமா, கூடுமா? அன்று ராத்திரி அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

அந்தப் பெண் உங்களிடம் வருகிறாரா இல்லையா என்பதும் ரகசியம்தான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கணவரிடம், "வந்தாங்க, நல்லாத்தான் இருக்காங்க" என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டேன். அதன்பின் அந்தப் பெண் என் பக்கம் வரவே இல்லை. இப்போது, "யார் வர்றாங்க, வரலன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்லைங்க. நாளைக்கு உங்களைப் பத்தி யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்" என்கிறேன். அண்ணனுக்கும் இதே பதில்தான்.

இனி அவசரமான விஷயம். மருந்து பற்றி அந்தப் பெண்ணிடமே நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்ற பயம் வேண்டாம்; கேட்பவர் கிடைத்தாரே என்ற நிம்மதிதான் பெரும்பாலும் வரும். மருந்து அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறதா, வீட்டிலும் வைத்திருக்கிறார்களா, எப்போது அந்த எண்ணம் கூடுகிறது? இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்த பிறகு தற்கொலைகள் பாதிக்கும் கீழே இறங்கின. கைக்கு எட்டாமல் வைப்பது அவ்வளவு பெரிய காரியம். மருந்துக் கொட்டகைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பதும் நம் வேலைதான். இன்று ராத்திரியே செய்துவிடுவேன் என்கிற நிலையில் இருந்தால் தனியாக அனுப்பாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மலை இறங்கினால் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ராத்திரி நேரத்துக்கு, அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணையும் சொல்லி வையுங்கள், தமிழிலும் பேசலாம்.

அப்புறம், "உங்களுக்கு ஒண்ணுன்னா நான் யாரைக் கூப்பிடட்டும்?" என்று கேளுங்கள். அம்மாவாக இருக்கலாம், ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்து வரும் அக்காவாக இருக்கலாம். அதே சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, தனக்காகப் பேச ஒரு நியமனப் பிரதிநிதியை அவரே வைத்துக்கொள்ளலாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும். இதைத் தள்ளிப் போடாதீர்கள். யாரையும் நியமிக்காமல் விட்டால், நாளை மருத்துவமனையில் உறவினர் என்று முன்னால் வந்து நிற்பவர் அந்தக் கணவராகவே இருப்பார்.

அடி பற்றிப் புகார் கொடுப்பதா என்பது அவருடைய முடிவு. அவர் வயதுவந்தவர்; நாம் முந்திக்கொள்ளக் கூடாது. (குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் என்றால் கதை வேறு. போக்சோ சட்டப்படி நாம் தெரிவித்தே ஆக வேண்டும்.) ஆனால் வழி இருக்கிறது என்று சொல்வது நம் கடமை. வீடு தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில், எங்கே போவது என்று அவர் குழம்பலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, குடியிருக்கும் இடத்திலும் மனு கொடுக்கலாம், வேலை பார்க்கும் இடத்திலும் கொடுக்கலாம் என்கிறது. ஊரில் கணவரின் ஆட்களுக்குப் பயப்படுகிறவருக்கு குமுளி இருக்கும் இடுக்கி மாவட்டத்து மாஜிஸ்திரேட் நீதிமன்றம் பாதுகாப்பாகத் தோன்றலாம். பெண்களுக்கான உதவி எண் 181 இரண்டு மாநிலத்திலும் உண்டு.

அண்ணனின் நண்பர் என்பதால் வேறு ஆலோசகரிடம் அனுப்பலாமா? நகரமாக இருந்தால் அனுப்பச் சொல்வேன். அங்கே தமிழில் பேசிக் கேட்க இன்னொருவர் பக்கத்தில் இல்லையென்றால், அனுப்புவது கைகழுவுவதுதான். அண்ணனுக்கும் கணவருக்கும் உள்ள நட்பை அந்தப் பெண்ணிடம் திறந்து சொல்லுங்கள், "தொடரலாமா?" என்று கேளுங்கள். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் இல்லாமல் ஒரு மூத்த ஆலோசகரிடமும் கலந்து பேசுங்கள். கேட்டது, முடிவு செய்தது, ஏன் அப்படி முடிவு செய்தீர்கள் என்பதெல்லாம் அன்றைக்கே தேதி போட்டுக் குறிப்பில் ஏறட்டும்.

ஏலக்காய்? ஒரு பிடி என்றால் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லுங்கள். திருப்பிக் கொடுத்தால் மனசு உடையும். அவருடைய ஒரு நாள் கூலி மதிப்பு இருந்தாலோ, தோட்டத்துக் காயாக இருந்து அவர் மாட்டிக்கொள்ள வாய்ப்பு இருந்தாலோ, காரணத்தைச் சொல்லித் திருப்பித் தாருங்கள்.

அடுத்த வாரம்வரை காத்திருக்காமல் இன்றே கூப்பிடத் தோன்றும். கூப்பிடத்தான் வேண்டும். ஆனால் அவர் கொடுத்த எண் யார் கையில் இருக்கும் போன் என்று முதலில் பாருங்கள். கணவர் எடுக்கக்கூடியதாக இருந்தால், காலையில் ஜீப் வந்து நிற்கும் இடத்தில் நேரில் பாருங்கள்.