புதுப்பித்த பின் திரைவாசிப்பான் ‘பட்டன்’ என்று மட்டும் சொல்வது ஏன்?

மேகச் சேமிப்பு மென்பொருளைப் புதுப்பித்த பின் என்.வி.டி.ஏ. (திரையில் உள்ளதைப் பார்வையற்றோருக்குப் பேச்சாகச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருள்) எல்லாப் பொத்தான்களையும் வெறும் ‘பட்டன்’ என்றே வாசிப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். பழுது திரைவாசிப்பானில் இல்லை. அது திரையில் தெரியும் படத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பொத்தானுக்கும் நிரலர் எழுதிவைத்த பெயர், வகை, நிலை ஆகியவற்றை விண்டோஸ் வழியாகப் பெற்றே பேசுகிறது. புதிய வடிவமைப்பில் எழுத்தை நீக்கிச் சின்னத்தை மட்டும் வைத்தவர்கள் அந்தப் பெயரை எழுத மறந்தால், ‘பகிர்’ எது, ‘அழி’ எது என்று காதுக்குத் தெரியாது. மாட்டுத்தாவணியில் ஊர்ப்பலகை இல்லாத பேருந்துகள் வரிசையாக நிற்பது போலத்தான்.

மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்துவதற்காக 2008-இல் வெளியான வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் (WCAG 2.0) 4.1.2 விதி கோருவதும் இந்தப் பெயரைத்தான். மென்பொருள் நிறுவனத்துக்கு அனுப்பும் புகாரில் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். அவர்கள் சரிசெய்யும் வரை, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் உள்ள ஒத்திசைவுக் கோப்புறையிலேயே (மேகச் சேமிப்பில் உள்ள கோப்புகள் உங்கள் கணினியிலும் தெரியும் இடம்) வேலை செய்யுங்கள். கோப்பின்மேல் நின்று ஷிஃப்ட்டுடன் எஃப்10 விசையை அழுத்தினால் வரும் பட்டியல், எழுத்தால் ஆனது என்பதால், ஒழுங்காக வாசிக்கப்படும்.