தென்னாப்பிரிக்காவில் மாகாண அணியில் ஆடும் ரக்பி வீரரின் வாழ்க்கை எப்படிப்பட்டது?

மகஸோலே மபிம்பி வந்த பாதையைச் சொன்னால் இதற்குப் பாதி பதில் கிடைத்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த ரக்பி வீரர் அவர்.

அந்த நாட்டில் 14 மாகாண ரக்பி சங்கங்கள் இருக்கின்றன. அவை மோதும் கர்ரி கோப்பை 1892-லிருந்து நடந்து வருகிறது. ஆனால் எல்லாச் சங்கமும் ஒன்றல்ல. கேப் டவுன், பிரிட்டோரியா, டர்பன் அணிகளிடம் காசும் பெயரும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகரில் இருக்கும் பார்டர் சங்கம் 1932-லும் 1934-லும் கோப்பையைப் பகிர்ந்துகொண்ட பழைய சங்கம்தான், ஆனால் இந்தக் காலத்தில் பெரும்பாலும் இரண்டாம் பிரிவில்தான் ஆடுகிறது.

அங்கே ஒரு பையனின் ரக்பி எதிர்காலம் பள்ளியிலேயே ஏறக்குறைய முடிவாகிவிடும். புளூம்ஃபோன்டைனின் கிரே கல்லூரி, பார்ல் நகரப் பள்ளிகள் மாதிரி சில இடங்களில்தான் பெரிய அணிகள் ஆள் தேடும். மபிம்பி படித்தது அப்படிப்பட்ட பள்ளியில் இல்லை. கிழக்கு கேப் மாகாணத்தில் ட்ஸோலோம்ன்க்வா என்ற கிராமத்தில், பல கிலோமீட்டர் நடந்து பள்ளிக்குப் போனவர். பாட்டி வளர்த்த பிள்ளை. அம்மாவையும் உடன்பிறந்தவர்களையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தார்.

அவரை உள்ளே விட்டது பார்டர் அணி. 2014-ல் அங்கே ஆட வந்தார். பெரிய பள்ளியில் படித்தவனாக இருந்தால் அதற்குள் சூப்பர் ரக்பியில் (பல நாட்டு அணிகள் மோதும் தொடர்) சில பருவங்கள் ஆடி முடித்திருப்பான். இவருக்கு சூப்பர் ரக்பி வாய்ப்பு 2017-ல், 26 வயதில்தான் வந்தது, சதர்ன் கிங்ஸ் அணியில். அந்த ஒரே பருவத்தில் 11 ட்ரை அடித்தார் (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் அது ஒரு ட்ரை, 5 புள்ளி). பிறகு சீட்டாஸ், அதன் பின் ஷார்க்ஸ். 2018 ஜூனில் வேல்ஸுக்கு எதிராக ஸ்பிரிங்பாக் (தென்னாப்பிரிக்க தேசிய அணி) சட்டை போட்டு, முதல் ஆட்டத்திலேயே ட்ரை அடித்தார்.

2019 உலகக் கோப்பை இறுதிப் போட்டி, யோகோஹாமா. எதிரே இங்கிலாந்து. 66-வது நிமிடம், தென்னாப்பிரிக்கா 18-12 என்று முன்னிலை. இடது ஓரத்தில் மபிம்பிக்குப் பந்து வருகிறது. எதிரிகளின் தலைக்கு மேலாக லேசாக உதைத்து விடுகிறார். துள்ளி வந்த பந்தைப் பிடித்தது லுகன்யோ ஆம் என்ற சக வீரர். தானே ஓடிப் பார்த்திருக்கலாம். ஆனால் திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கவாட்டில் மபிம்பிக்கே தள்ளிவிட்டார். உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்கர் ஒருவர் அடித்த முதல் ட்ரை அது. 1995, 2007 கோப்பைகளை அவர்கள் ஒரு ட்ரைகூட இல்லாமல்தான் ஜெயித்திருந்தார்கள்.

லுகன்யோ ஆமும் கிழக்கு கேப்காரர், அவரும் பார்டர் அணியில் ஆடியவர். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு சங்கத்தில் ஆடிய இரண்டு பேர் சேர்ந்து அடித்த ட்ரை! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அதனால்தான் சின்னச் சங்கங்களைச் சும்மா பேருக்கு இருப்பவை என்று யாராவது சொன்னால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. பதினெட்டு வயதில் கண்ணில் படாதவனுக்கு வேறு வாசல் கிடையாது. மபிம்பி ஏறி வந்த படிகளே இன்று அப்படியே இல்லை. கிங்ஸ் அணி 2020-ல் பணமில்லாமல் மூடப்பட்டது. ஐரோப்பிய அணிகளோடு மோதும் யுனைடெட் ரக்பி சாம்பியன்ஷிப் 2021-ல் தொடங்கியது; அதில் சீட்டாஸுக்கு இடம் இல்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து புல்ஸ், லயன்ஸ், ஷார்க்ஸ், ஸ்டோர்மர்ஸ் நான்குக்கு மட்டுமே இடம். இப்போது பார்டரில் நன்றாக ஆடும் ஒரு பையன் நடுவில் பழகிக்கொள்ள கிங்ஸ் மாதிரி ஓர் அணி இல்லாமல், நேராக இந்த நான்கில் ஒன்றுக்குத் தாவியாக வேண்டும்.