மேடையிலிருந்து இறங்கிப் போன மகன்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. ஆட்டிசம் உள்ளவன். நான்கு வருடமாக மிருதங்கம் கற்கிறான். வீட்டில் மணிக்கணக்கில் வாசிப்பான், கணக்கு ஒருமுறைகூடத் தப்பாது. போன நவராத்திரிக்கு ஒரு கோயில் மேடையில் ஏற்றினோம். இரண்டு நிமிடம் ஆகவில்லை, காதைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். “இவனுக்கு எதற்கு இதெல்லாம்” என்கிறார்கள் உறவினர்கள். வகுப்பை நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: நிறுத்தாதீர்கள் அக்கா.

நானும் ஆட்டிசம் உள்ளவன்தான். 33 வயதில்தான் அது உறுதியானது. அதுவரை ‘பிடிவாதக்காரன்’ என்றுதான் எனக்குப் பெயர். ‘மதியிறுக்கம்’ என்று தமிழில் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. என் மதி ஒன்றும் இறுகிப் போகவில்லை. சத்தமும் வெளிச்சமும் மற்றவர்களைவிட அதிகமாக உள்ளே வருகின்றன, அவ்வளவுதான்.

12 வயதில் நானும் இப்படி இறங்கி ஓடியிருக்கிறேன். மைக் சோதிக்கும்போது ஒலிபெருக்கி ‘கீ…’ என்று கத்தியது. பல்லில் ஊசி இறங்கியது போல இருந்தது. திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். மேடைப் பயம் என்றார்கள். எனக்குக் கூட்டத்தைப் பார்த்துப் பயமே இல்லை. உங்கள் மகனும் காதைத்தானே பொத்தினான்? கண்ணை மூடியதாகவோ அழுததாகவோ நீங்கள் எழுதவில்லை. எது தாங்க முடியவில்லை என்பதைக் கையாலேயே சொல்லிவிட்டான்.

இன்னொன்றையும் பாருங்கள். மிருதங்கத்தில் தொப்பிப் பக்கம், அதாவது இடப்பக்கத் தோலில், ரவையைப் பிசைந்து அப்புகிறோம். ஈரமாக, பிசுபிசுவென்று இருக்கும். அதைத் தொடவே எனக்கு இரண்டு வருடம் ஆனது. என் வாத்தியார் திட்டவில்லை. அவரே அப்பிவிட்டு, என் பக்கத்தில் கை துடைக்க ஒரு துணியை வைப்பார். அதை உங்கள் மகன் நான்கு வருடமாகத் தொடுகிறான் என்றால், இந்த வாத்தியம் அவனுக்கு எவ்வளவு வேண்டியதாக இருக்க வேண்டும்! ஏன் என்று எனக்குத் தெரியும். ஆதி தாளத்தில் எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை, என்றால் எட்டுதான், நாளைக்கும் எட்டுதான். வாசிப்பை முடிக்கும் சொற்கட்டான தீர்மானம் மூன்று முறை வந்து சரியான இடத்தில் விழும். எம்ஆர்டி ரயிலில் இடிபட்டு வீட்டுக்கு வந்ததும் ‘ததிகிணதொம்’ என்ற ஐந்தெழுத்துச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் எனக்கு மூச்சு சீராகிவிடும். இதை அவனிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.

சுருதி விஷயமும் உண்டு. ஏர்கானில் தோல் காய்ந்து சுருதி ஏறும், நம் ஊர்ப் புழுக்கத்தில் இறங்கும். வீட்டில் சுருதி சேர்த்த வாத்தியத்தைத் திறந்தவெளி மேடைக்குக் கொண்டுபோனால் வேறு வாத்தியம் போலப் பேசும். மற்ற பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள். இவன் காதுக்கு அது பெரிய பொய். மேடைக்கு அரைமணி நேரம் முன்பே அங்கு வைத்துச் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். தாமதமானால் காத்திருக்கட்டும்.

உறவினர்கள் பேச்சுக்கு வருகிறேன். சிலர் ‘எதற்கு’ என்பார்கள். வேறு சிலர் ஸ்டீஃபன் வில்ட்ஷயரின் காணொளியை அனுப்புவார்கள். ஆட்டிசம் உள்ள அந்த ஓவியர் 2014-இல் இங்கு வந்து, ஹெலிகாப்டரில் ஒரு சுற்று பார்த்துவிட்டு, நினைவிலிருந்தே சிங்கப்பூரை வரைந்தார். அற்புதமான மனிதர். ஆனால் எல்லோரும் அப்படி இருக்க மாட்டோம். மேதையாக இருந்தால்தான் வாசிக்க அனுமதி என்றால், மற்ற பிள்ளைகளில் எத்தனை பேர் வகுப்புக்குப் போக முடியும்? இவனிடம் மட்டும் ஏன் அந்தக் கணக்குக் கேட்கிறார்கள்?

பிழைப்பு பற்றிய கவலை நியாயமானது. ரெட்ஹில் பக்கம், லெங்கோக் பாருவில் உள்ள, உடற்குறை உள்ளவர்களுக்கான எனேபிளிங் வில்லேஜ் வளாகத்துக்கு ஒருநாள் போய் வாருங்கள். அங்கே ‘தி ஆர்ட் ஃபேக்கல்டி’ கடையில் ஆட்டிசம் உள்ளவர்கள் வரைந்த படங்கள் பைகளாகவும் கோப்பைகளாகவும் விற்பனைக்கு இருக்கும். வரைந்தவருக்கு உரிமைத்தொகை போகிறது. 1993-இல் தொடங்கிய, இப்போது ‘ஆர்ட்:டிஸ்’ என்று பெயர் மாறிய அமைப்பு, உடற்குறை, ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இசை, நடனம், ஓவியம் எல்லாவற்றிலும் பயிற்சி தருகிறது. விசாரியுங்கள். இன்னொரு வேலையும் கற்கட்டும், தவறில்லை. நானே பகலில் கிடங்கில் கணக்குப் பார்க்கிறேன், மாலையில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன்.

அப்புறம், அடுத்த நவராத்திரி. அவன் ஆசைப்பட்டால் மட்டும். அவனிடம் கேளுங்கள், வாயால் சொல்லச் சிரமம் என்றால் எழுதிக் காட்டட்டும். சம்மதித்தால், கோயிலில் பேசி, கூட்டமில்லாத ஒரு மதியம் அந்த மேடைக்கு அழைத்துப் போங்கள். மைக் வேண்டாம். ஐந்து நிமிடம் வாசிக்கட்டும், வீட்டுக்கு வந்துவிடுங்கள். அடுத்த வாரம் இன்னொரு முறை. ஒலிபெருக்கி அவன் காதுக்கு நேராக இல்லாமல் தள்ளி இருக்கட்டும். கைதட்டலும் எங்களுக்கு இடிதான். அதற்குப் பதிலாக இரு கைகளையும் உயர்த்தி அசைக்கும்படி முன்கூட்டியே அறிவிக்கச் சொல்லுங்கள். பாதியில் இறங்கி வர நினைத்தால் எந்தப் படி வழியாக வர வேண்டும் என்பதையும் அன்றே காட்டிவிடுங்கள். படியின் கீழே நீங்கள் நில்லுங்கள் அக்கா, கையில் அவனுக்கும் ஒரு துணியோடு.