மருத்துவர் பதில்: காதலியிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: எனக்கு 24 வயது. காரைக்குடியில் வேலை பார்க்கிறேன். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருந்ததால் மதுரையில் பரிசோதித்தேன். கிளமிடியா என்ற, உடலுறவு வழியாகப் பரவும் பால்வினைத் தொற்று என்று சொல்லி, டாக்ஸிசைக்ளின் மாத்திரை 7 நாளைக்குக் கொடுத்திருக்கிறார்கள். தேவகோட்டையில் இருக்கும் என் காதலிக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. எனக்குக் குணமாகிவிட்டால், அவளிடம் சொல்லாமலே விட்டுவிடலாமா?

பதில்: கூடாது தம்பி. இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

அவருக்குத் தொந்தரவு இல்லை என்பதுதான் எனக்குக் கவலை. கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது. சிகிச்சை இல்லாமல் விட்டால் கிருமி கருக்குழாய் வரை ஏறித் தழும்பை உண்டாக்கலாம். பின்னாளில் கரு தங்காமலோ, கருப்பைக்கு வெளியே தங்கியோ போகலாம். நம் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை தள்ளிப்போனால் பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் நேர்ந்துகொள்பவரும் அவர்தான், ஏச்சு கேட்பவரும் அவர்தான். ஒரு வார மாத்திரையில் தீரக்கூடியதற்கு அவரை அந்த நிலைக்குத் தள்ளலாமா?

வாட்ஸ்ஆப்பில் எழுத வேண்டாம். அவர் போன் வீட்டில் யார் கையிலாவது சிக்கினால் அவர் பாடு திண்டாட்டம். நேரில், தனியாகச் சொல்லுங்கள்: "எனக்கு ஒரு பால்வினைத் தொற்று இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. உனக்கும் வந்திருக்கலாம். மாத்திரையில் குணமாகிவிடும். நீயும் பார்த்துக்கொள்ள வேண்டும், நான் கூட வருகிறேன்." இவ்வளவு போதும். அவர் கோபப்படலாம், அழலாம்; குறுக்கே பேசாமல் கேளுங்கள். "உன்னிடமிருந்துதான் வந்ததா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இந்தக் கிருமி மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை எந்தப் பரிசோதனையும் சொல்லாது. கடந்த 60 நாட்களில் வேறு யாருடனாவது உறவு இருந்திருந்தால் அவருக்கும் தெரிவிக்க வேண்டும். காதலி அதைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள்.

உங்கள் மாத்திரையைப் பங்குபோட்டுக் கொடுக்காதீர்கள். அவர் கர்ப்பமாக இருந்தால் டாக்ஸிசைக்ளின் ஆகாது, வேறு மருந்து உண்டு. இருவரும் மருந்தை முடிக்கும் வரை உறவு வேண்டாம். அவசரப்பட்டால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் திரும்பத் தொற்றும். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

உள்ளூர் மருத்துவமனை வரிசையில் உறவுக்காரர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது. சிவகங்கை அல்லது மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவைக் கேளுங்கள். சிபிலிஸ் என்ற இன்னொரு பால்வினை நோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் பரிசோதனையையும் சேர்த்தே செய்துகொள்வது நல்லது. எச்.ஐ.வி. பரிசோதனை, அதற்கான அரசு ஆலோசனை மையமான நம்பிக்கை மையத்தில் இலவசம், விவரம் வெளியே போகாது. போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் 1097 என்ற இலவச எய்ட்ஸ் உதவி எண்ணை அழைக்கலாம்.