கேள்வி-பதில்: ஏரியில் இறங்கிய விமானத்தை மேசையில் கட்டுவது எப்படி?

கேள்வி: என் தாத்தா செங்குன்றத்தில் வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது புழல் ஏரியில் பெரிய விமானங்கள் வந்து இறங்கியதைத் தாம் பார்த்ததாக அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவை கேட்டலினா வகைக் கடல் விமானங்கள் என்று பின்னர் தெரிந்துகொண்டேன். அந்த விமானத்தின் மாதிரி ஒன்றை என் கையால் கட்ட விரும்புகிறேன். சந்தையில் ஒட்டிக் கட்டுவதற்கான பாகங்கள் அடங்கிய பல பெட்டிகள் இருக்கின்றன, எதை வாங்குவது?
– செங்குன்றம் வாசகர்

பதில்: உங்கள் தாத்தா சொன்னது உண்மை. பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆம் படைப்பிரிவு 1942 முதல் 1945 வரை செங்குன்றம் ஏரி என்றும் அழைக்கப்படும் இந்தப் புழல் ஏரியைத் தளமாகக் கொண்டு, வங்காள விரிகுடாவின் மேலே நீண்ட நேரக் கண்காணிப்புப் பணிக்குக் கேட்டலினாக்களை அனுப்பி வந்தது. இலங்கையின் கொக்கலையிலும் இதே விமானங்கள் இருந்தன. 1942 ஏப்ரல் 4ஆம் தேதி இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கப்பற்படையை முதலில் கண்டு தகவல் அனுப்பியது, கனடாவின் லியோனார்ட் பிர்ச்சால் ஓட்டிய கொக்கலைக் கேட்டலினாதான். ஆகவே நீங்கள் கட்டப்போவது வெறும் அலங்காரப் பொருள் அன்று. அதைச் சரியாகக் கட்ட வேண்டும் என்ற அக்கறை உங்களுக்கு இருக்கும் என்று நம்பியே சற்று விரிவாக எழுதுகிறேன்.

பணம் கொடுப்பதற்கு முன் பெட்டியின் மீதுள்ள எழுத்தைப் பாருங்கள். கேட்டலினாவில் பிபிஒய்-5 (PBY-5) என்பது தண்ணீரில் மட்டுமே இறங்கும் படகு விமானம். பிபிஒய்-5ஏ என்பது சக்கரங்களும் பொருத்தப்பட்டு நிலத்திலும் நீரிலும் இறங்கக்கூடியது. பிரிட்டிஷ் படையின் கணக்கில் மார்க் 1, மார்க் 4 ஆகியவை முதல் வகை. மார்க் 1ஏ, மார்க் 3 ஆகியவை இரண்டாம் வகை. ஏரியில் தங்கிப் பறந்த விமானத்தைக் காட்ட உங்களுக்குத் தேவை முதல் வகை. ஆனால் கடைகளில் அதிகம் கண்ணில் படுவது 5ஏ. படத்தின் அழகில் மயங்கி அதை வாங்கிவிட்டுப் பிறகு வருந்துவோர் பலர். நானும் அப்படி ஒரு முறை வாங்கியவன்தான். 5ஏ பெட்டியிலிருந்தும் படகு வகையைக் கட்டலாம். உடலின் இரு பக்கங்களிலும் சக்கரங்கள் மடங்கி உட்காரும் வட்டக் குழிகளையும், மூக்கின் அடியில் உள்ள சக்கரக் கதவுகளையும் பிளாஸ்டிக் தகடு வைத்து அடைத்து, இடுக்கை நிரப்பும் பசையான புட்டியைப் பூசி, உப்புத்தாளால் தேய்த்து, அடைத்த தடமே தெரியாதபடி செய்ய வேண்டும். முதல் முறை கட்டுபவருக்கு இது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

அடுத்தது அளவு. உண்மையான விமானத்தின் இறக்கை நீளம் ஏறத்தாழ 31.7 மீட்டர். 1/72 அளவில், அதாவது உண்மையானதில் 72இல் ஒரு பங்காகச் சுருக்கினால், இது 44 சென்டிமீட்டர் ஆகும். 1/48 அளவில் 66 சென்டிமீட்டர் ஆகும். கடையில் பெட்டியைக் கையில் ஏந்தும்போது இந்த வேறுபாடு தெரியாது. கட்டி முடித்து அலமாரிக் கதவைச் சாத்த முயலும்போதுதான் தெரியும். வாங்கும் முன் தரையில் சுண்ணக்கட்டியால் 66-க்கு 41 சென்டிமீட்டரில் ஒரு கட்டம் போட்டுப் பாருங்கள். அந்த இடம் வீட்டில் நிரந்தரமாகக் கிடைக்கும் என்றால் மட்டும் 1/48 பக்கம் போங்கள். கொரியாவின் அகாடமி நிறுவனத்தின் 1/72 'கிட்' (பாகங்கள் அடங்கிய பெட்டி), மோனோகிராம் நிறுவனத்தின் அச்சுகளிலிருந்து ரெவெல் நிறுவனம் வெளியிட்டுவரும் 1/48 கிட் ஆகிய இரண்டும் நெடுநாளாகப் பலர் கட்டிப் பார்த்தவை. ஏர்ஃபிக்ஸின் பழைய 1/72 கிட் 1960களின் அச்சு. விலை குறைவு என்பதற்காக அதை எடுத்தால், மிச்சமான பணத்தைவிட அதிக நேரம் தேய்ப்பதில் செலவாகும். முதல் கடல் விமானத்துக்கு 1/72 அகாடமியே என் பரிந்துரை.

கேள்வி: வெளிநாட்டு இணையக் கடையில் அதே பெட்டி இங்குள்ள விலையில் பாதிக்குக் கிடைக்கிறது. நேரடியாக வரவழைத்தால் லாபம்தானே? வண்ணங்களையும் சேர்த்தே வாங்கிவிடலாமா?

பதில்: பெட்டி விலையைப் பார்த்து மட்டும் கணக்குப் போடாதீர்கள். இந்தியாவில் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. அளவு மாதிரிகளும் சுங்கப் பட்டியலில் பொம்மைகளின் தலைப்பிலேயே வருகின்றன. தனிநபர் பயன்பாட்டுக்கென்று அஞ்சலிலோ கூரியரிலோ வரும் பொருள்களுக்குத் தனி வகைப்பாடும் இருக்கிறது. அதிகாரி எந்த வகையில் மதிப்பிடுகிறார் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். வரியும் பெட்டியின் விலைமீது மட்டும் போடப்படுவதில்லை. அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த மதிப்பின்மீது போடப்படுகிறது, அதன்மேல் ஜிஎஸ்டியும் வருகிறது. பெட்டி பெரியதாக இருப்பதால் அனுப்பும் செலவே கணிசமாக இருக்கும். இவை அனைத்தையும் கூட்டிய பிறகும் இங்குள்ள விலையைவிடக் குறைவாக இருந்தால் தாராளமாக வரவழையுங்கள். இறுதித் தொகையை முன்கூட்டியே வசூலித்துச் சுங்கத்தையும் தாமே கட்டிவிடும் விற்பனையாளர் கிடைத்தால், சில நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அவரிடமே வாங்குவது நிம்மதி.

'பரிசுப் பொருள்' என்று எழுதி அனுப்பச் சொல்லலாம் என்று யாரேனும் யோசனை கூறினால் கேட்காதீர்கள். பரிசுகளுக்கு இருந்த வரிவிலக்கு 2019 டிசம்பரிலேயே நீக்கப்பட்டுவிட்டது. பொய்யான அறிவிப்பு குற்றமும் ஆகும்.

வண்ணங்களைச் சேர்த்து வாங்க வேண்டாம். எனாமல், லாக்கர், தின்னர், ஸ்பிரே டப்பா ஆகியவை தீப்பற்றக்கூடியவை என்பதால் விமான அஞ்சலில் ஏற்பதில்லை. அவற்றை மறைத்து அனுப்பினால் பொட்டலம் முழுவதும் தடுக்கப்படலாம். தரைவழியாக அனுப்பும் உள்நாட்டுக் கடையிலேயே வாங்குங்கள். தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் வண்ணம் தொடக்கக்காரருக்குப் போதுமானது, வாடையும் குறைவு. மழைக்காலத்தில் சென்னைக் காற்றின் ஈரத்தில் லாக்கர் வெளுத்துப் பால்போல் படிந்துவிடும். எனாமல் காய நாள்கணக்கில் ஆகும்.

கேள்வி: பித்தளைத் தகட்டு நுணுக்கப் பாகங்கள், ரெசின் எஞ்சின், மாஸ்க் என்று கூடுதலாகப் பல விற்கிறார்கள். சேர்த்தால் கிட்டின் விலையைத் தாண்டிவிடுகிறது. எதை வாங்கலாம்?

பதில்: ஒன்றுக்கு மட்டும் தயங்காமல் பணம் கொடுங்கள்: கண்ணாடிப் பாகங்களுக்கான முன்வெட்டிய மாஸ்க், அதாவது வண்ணம் படாமல் மறைக்கும் ஒட்டுத்தாள். கேட்டலினாவின் முகமே அதன் கண்ணாடிகள்தான். விமானி அறையின் சட்டங்கள் ஒருபுறம் இருக்க, இறக்கைக்குப் பின்னால் உடலின் இரு பக்கமும் கண்ணீர்த்துளிபோல் புடைத்து நிற்கும் காவல் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள் ஓடுகின்றன. வளைந்த பரப்பில் டேப்பைக் கத்தியால் வெட்டி ஒட்டுவது பழகிய கைக்கே கடினம். செக் நாட்டின் எடுவார்ட் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு கிட்டுக்கும் ஏற்ற மாஸ்க்கை விற்கின்றன. ஆனால் அது 1/72 அகாடமிக்கா, வேறு நிறுவனத்தின் கிட்டுக்கா என்று உறையில் பார்த்தே வாங்குங்கள். ஒன்றுக்குச் செய்தது இன்னொன்றுக்குப் பொருந்தாது.

பித்தளைத் தகடுகளின் பெரும்பகுதி உள்ளறைக்கானவை. உடலை ஒட்டியபின் அவற்றில் பாதி கண்ணுக்கே தெரியாது. காவல் கண்ணாடிகளைத் திறந்த நிலையில் வைக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் அந்தச் செலவுக்கு ஒரு பொருள் உண்டு. ரெசின் எஞ்சின் தேவையில்லை. விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் பதினான்கு சிலிண்டர் கொண்ட டுவின் வாஸ்ப்கள். கிட்டில் உள்ளதையே கருஞ்சாம்பல் பூசி, காய்ந்த தூரிகையால் வெள்ளி நிறத்தைச் சிலிண்டர் விளிம்புகளில் லேசாகத் தேய்த்தால் ஆழம் வந்துவிடும்.

காசு செலவின்றிச் செய்யக்கூடிய, ஆனால் மாதிரியை உயிர்பெறச் செய்யும் வேலை ஒன்றைச் சொல்கிறேன். கிட்டின் பாகங்களைத் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு விரல் நீளம் வெட்டி எடுத்து, மெழுகுவத்தியின் சுடருக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே பிடித்து உருட்டிக்கொண்டே இருங்கள். நடுப்பகுதி பளபளத்துத் தொய்யத் தொடங்கும் கணத்தில் சுடரிலிருந்து விலக்கி, இரு கைகளையும் நிதானமாக அகட்டுங்கள். தலைமுடியைப் போன்ற இழை கிடைக்கும். இறக்கையிலிருந்து வால் நோக்கிச் செல்லும் ஆன்டெனா கம்பிகளுக்கு அதைவிட நல்ல பொருள் கடையில் இல்லை. ஒட்டிய இழை தொய்ந்திருந்தால், கனலும் ஊதுவத்தியை அதன் அருகே, தொடாமல், கொண்டுபோங்கள்; வெப்பத்தில் இழை தானே விறைத்து நேராகிவிடும். ஓர் இமைப்பொழுது தாமதித்தால் அறுந்துவிடும் என்பதால் முதலில் மிச்ச இழையில் பழகிக்கொள்ளுங்கள்.

கேட்டலினாவை எடை இல்லாமல் சக்கரத்தில் நிறுத்தினால் வால் தரையில் இடித்துக்கொள்ளும். 5ஏ கட்டுபவர்கள் உடலின் இரு பாதிகளையும் டேப்பால் சேர்த்துப் பார்த்து, தூண்டில் ஈயக்குண்டுகளை விமானி அறைத் தளத்தின் அடியில் எவ்வளவு முன்னால் முடியுமோ அவ்வளவு முன்னால் ஒட்ட வேண்டும். படகு வகையை, கரையேற்றும்போது பக்கங்களிலும் வாலிலும் பூட்டும் தனி வண்டிச் சக்கரங்களில் நிறுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

வண்ணம் பூசும்போது மறக்கக் கூடாதது, விமானம் எந்த நாட்டுடையது என்று காட்டும் வட்டக் குறி. கிழக்குப் போர்முனையில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களில், ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழப்பம் வரக் கூடாது என்பதற்காக நடுவிலிருந்த சிவப்பு நீக்கப்பட்டு, நீலமும் வெளிர்நிறமும் மட்டுமே எஞ்சின. கிட்டில் வரும் டீகாலில் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் குறிகள் உள்ள தாளில்) இது இல்லாவிட்டால், தென்கிழக்காசியக் குறிகள் மட்டும் அடங்கிய தனித்தாள் வாங்கலாம். உங்கள் மாதிரிக்கு அது வீண்செலவு அன்று. உப்புப் படிவு என்று வெள்ளைக் கோடுகளை உடலின் அடியில் அள்ளிப் பூசுவது இப்போதைய வழக்கமாகிவிட்டது. புழல் நன்னீர் ஏரி, சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி. அங்கிருந்து எழுந்து அங்கேயே இறங்கிய விமானத்துக்கு, நீர்க்கோட்டில் மெல்லிய பழுப்புப் பாசியும் எஞ்சினின் பின்னால் எண்ணெய்க் கறையும்தான் பொருத்தம் என்பது என் எண்ணம்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய கிட்டைப் பிரித்தபோது காவல் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டிருந்தது. 'பெட்டி திறக்கப்பட்டுவிட்டதால் திரும்பப் பெற முடியாது' என்கிறார் விற்பனையாளர். இது முறையா?

பதில்: முறை அன்று. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதுள்ளதாகவோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாததாகவோ இருந்தால் விற்பனையாளர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. திறக்காமல் உள்ளே இருக்கும் விரிசலை எவராலும் பார்க்க முடியாது. நீங்கள் வாங்கிய இணையத்தளத்தின் குறைதீர் அலுவலர்க்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். பலன் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். அதன் பிறகும் தேவைப்பட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

ஒரு கண்ணாடிப் பாகத்துக்காக அவ்வளவு தூரம் போவதற்கு முன், உற்பத்தியாளருக்கு நேரடியாக எழுதிப் பாருங்கள். மாற்றுப் பாகம் அனுப்பும் நிறுவனங்கள் உண்டு. இனி எந்தக் கிட் வந்தாலும் பெட்டியின் முத்திரையைக் கிழிப்பதிலிருந்து ஒரே தொடர்ச்சியாகக் காணொளி எடுங்கள். கண்ணாடிப் பாகங்கள் தனிப் பையில் வந்தனவா, மற்றவற்றோடு உரசிக் கிடந்தனவா என்பதும் அதில் பதியட்டும். பிறகு கிட்டோடு வரும் குறிப்பேட்டில் உள்ள வரைபடத்தோடு, பாகங்களைத் தாங்கும் ஒவ்வொரு சட்டத்தையும் ஒப்பிட்டு எண்ணிவிடுங்கள். திருப்பித் தரும் காலக்கெடு முடிந்த பிறகு இறக்கை முனையின் மிதவை ஒன்று குறைகிறது என்று தெரியவந்தால் யாரிடமும் முறையிட முடியாது. எனக்கு அப்படி ஆகி, கேட்டலினா ஒன்று எட்டு மாதம் ஒற்றை மிதவையோடு பெட்டியிலேயே கிடந்தது.

கேள்வி: ஒருவர் பாதி விலைக்குப் பழைய, கட்டாத கிட் தருகிறார். டீகால் மஞ்சள் நிறமாகிவிட்டது. வாங்கலாமா?

பதில்: பாகங்கள் முழுமையாக இருந்தால் வாங்கலாம். மஞ்சளான டீகால் தாளை உறைக்குள் இட்டு, வெயில் படும் சன்னல் கண்ணாடியில் படப்பக்கம் வெளியே பார்க்கும்படி ஒட்டி வைத்தால் சில வாரங்களில் வெளுத்துவிடும். ஆனால் பழைய டீகால் தண்ணீரில் போட்டதும் நொறுங்கக்கூடும். தேவைப்படாத ஒரு சிறு எழுத்தை முதலில் நனைத்துச் சோதியுங்கள். அது உடைந்தால் மீதித் தாளின்மீது தெளிவான வார்னிஷை மெல்லியதாகப் பூசி, முழுமையாகக் காயவிட்டு, ஒவ்வொரு குறியையும் அதன் ஓரத்தை ஒட்டியே வெட்டிப் பயன்படுத்துங்கள்.