சத்தம் வருகிறது, படம் வரவில்லை! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டு 43 அங்குல எல்.இ.டி. டி.வி.யில் ஒலி நன்றாகக் கேட்கிறது, திரை மட்டும் இருட்டாக இருக்கிறது. வாங்கி ஆறு வருடம் ஆகிறது. வந்து பார்த்த மெக்கானிக், ‘பேனல் போய்விட்டது, புதுசே வாங்கிவிடுங்கள்’ என்கிறார். அவ்வளவுதானா?

பதில்: அவசரப்படாதீர்கள். இன்று இரவே ஒரு சோதனை செய்துபாருங்கள். அறை விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு டி.வி.யைப் போடுங்கள். ஒலி வந்ததும் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். ரிமோட்டில் மெனு பட்டனையும் அழுத்துங்கள். வெளிச்சம் விழும் இடத்தில் மங்கலாக எழுத்தோ முகமோ அசைவது தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, போனது பேக்லைட்தான்.

படத்தை உண்டாக்குவது பேனல். அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தருவது பேக்லைட், அதாவது வரிசையாக எல்.இ.டி.கள் பதித்த பட்டைகள். சீரியல் விளக்குபோல இவை தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரே ஒரு எல்.இ.டி. அறுந்தாலும் அந்த வரிசை முழுக்க இருண்டுவிடும். பல செட்களில், பட்டைகளுக்கு மின்சாரம் தரும் டிரைவர் சர்க்யூட் இதைக் கண்டுகொண்டு மற்ற வரிசைகளையும் சேர்த்தே நிறுத்திவிடும். போட்டதும் திரை ஒரு நொடி பளிச்சிட்டு அணைந்தால், அதுவும் பெரும்பாலும் இந்தக் கோளாறுதான்.

பட்டை மாற்றும்போது சில விஷயங்களில் கறாராக இருங்கள். எரிந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்பதை ஏற்காதீர்கள். மற்றவையும் அதே ஆறு வருடம் சூட்டில் கிடந்தவைதான், சில மாதத்தில் அடுத்தது போகும். முழு செட்டாக மாற்றச் சொல்லுங்கள். டி.வி.யின் பின்புற ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணை வைத்துத்தான் பட்டை வாங்க வேண்டும். நீளமும் எல்.இ.டி. எண்ணிக்கையும் பொருந்தினால் மட்டும் போதாது. 3 வோல்ட் எல்.இ.டி. இருந்த இடத்தில் 6 வோல்ட் வகையைப் போட்டால் எரியாது, அல்லது டிரைவர் பழுதாகும்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பட்டையை எட்ட, கண்ணாடி பேனலைக் கழற்றித் தூக்கியாக வேண்டும். அதன் ஓரத்தில் காகிதம்போல மெல்லிய ரிப்பன் இணைப்புகள் ஒட்டியிருக்கும். ஒன்று கிழிந்தாலும் திரையில் கோடு விழும். 43 அங்குலத்தை ஒருவர் தனியாகத் தூக்கக் கூடாது. ‘பேனல் உடைந்தால் யார் பொறுப்பு?’ என்பதை வேலைக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

சரியானதும் படத்துக்கான செட்டிங்கில் ‘பேக்லைட்’ அளவை 60, 70-க்குக் குறைத்துவிடுங்கள். முழு அளவில் ஓடவிடுவதுதான் பட்டைகளைச் சூட்டிலேயே சாகடிக்கிறது. திரையில் விரிசல், மை கசிந்ததுபோன்ற கறை இருந்தால் மட்டும் மெக்கானிக் சொன்னது சரி. பேனலின் விலை கிட்டத்தட்ட புது டி.வி.யின் விலைக்கு வந்துவிடும்.

கேள்வி: ஃப்ரீஸரில் ஐஸ் உறைகிறது, ஆனால் கீழ்ப்பகுதியில் காய்கறி வாடுகிறது. தானாக ஐஸ் உருகும் வகை ஃப்ரிட்ஜ். ‘கம்ப்ரஸர் போச்சு’ என்கிறார்களே?

பதில்: ஐஸ் உறைகிறது என்றால் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஃப்ரீஸருக்குப் பின்னால் உள்ள காயிலில் (குளிர்விக்கும் குழாய்ச் சுருளில்) குளிர்ந்த காற்றை ஒரு சிறு ஃபேன்தான் கீழே தள்ளுகிறது. காயிலில் படியும் பனியை ஒரு ஹீட்டர் அவ்வப்போது உருக்க வேண்டும். ஹீட்டரோ அதன் சென்சாரோ பழுதானால் பனி கெட்டியாகி, காற்றுப் பாதையை அடைத்துவிடும்.

ஃப்ரிட்ஜைக் காலிசெய்து, பிளக்கை உருவி, கதவுகளைத் திறந்து 24 மணி நேரம் விடுங்கள். தண்ணீர் வடியும், கீழே பழைய துணி போடுங்கள். மறுபடி போட்டதும் நன்றாகக் குளிர்ந்து, ஒன்றிரண்டு வாரத்தில் பழைய குறையே திரும்பினால், உருக்கும் அமைப்பில்தான் கோளாறு. மாற்ற வேண்டியவை சின்ன பாகங்கள், ஃப்ரிட்ஜை மாற்ற வேண்டாம். பனி உருகிய பிறகும் கீழே குளிரவில்லை என்றால் ஃபேனைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஒரு கெஞ்சல்: பனியைக் கத்தியால் கொத்தாதீர்கள். காயிலின் அலுமினியக் குழாய் ஓட்டையானால், குளிரூட்டும் வாயு வெளியேறிவிடும். புதிய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ என்ற தீப்பற்றும் வாயு. சிறிய வேலை அங்கேயே பெரிய வேலையாகிவிடும்.

கேள்வி: மைக்ரோவேவ் அடுப்பின் உள்சுவரில் தீப்பொறி பறக்கிறது. தூக்கிப்போடலாமா?

பதில்: பொறி வரும் இடத்தில் அட்டைபோன்ற ஒரு தகடு இருக்கிறதா? அது மைக்கா. உணவு தெறித்து எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் கருகிப் பொறி விடும். பிளக்கை எடுத்துவிட்டு அதைக் கழற்றி, அதே வடிவில் புது மைக்காத் தாளை வெட்டிப் பொருத்தினால் போதும். பின்னால் உள்ள சுவரைத் துடைத்துவிடுங்கள். சுவரின் பெயின்ட் உரிந்து துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. எக்காரணம் கொண்டும் வெளி மூடியைத் திறக்காதீர்கள். உள்ளிருக்கும் கெபாசிட்டரில் பிளக்கை எடுத்த பிறகும் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

கேள்வி: ரவுட்டரின் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் போய்விட்டது. வீட்டில் இருக்கும் 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரைப் போடலாமா?

பதில்: தாராளமாக. வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது. பிளக்கின் நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்ற குறியை இரண்டிலும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: போனின் பேட்டரி உப்பிப் பின்மூடி தூக்கிக்கொண்டிருக்கிறது. வேலைசெய்யும் வரை ஓட்டலாமா?

பதில்: கூடாது. இப்போதே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், மூடியை அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது, குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். தலையணை, துணிகளுக்கு அருகில் இல்லாமல் தரையில் தனியாக வைத்து, பிறகு கடையில் கொடுத்து பேட்டரியை மாற்றுங்கள். பழைய பேட்டரி குப்பைத்தொட்டிக்குப் போகக் கூடாது, மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில்தான் சேர்க்க வேண்டும். அந்த போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றுவிட்டிருந்தால் மட்டும் புது பேட்டரிக்குச் செலவழிப்பதை யோசியுங்கள்.