பாதி விலைக்கு மூன்று புத்தகம்

கேள்வி: அண்ணா, ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஐந்து பேர் கூடி ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறோம். ஒருவன் கதையை நடத்துவான், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டுவோம். இதுவரை செல்போனில் விதிகளைப் பார்த்தே ஓட்டிவிட்டோம். கோயம்புத்தூரில் ஒருத்தர் 2014 பதிப்பின் மூன்று புத்தகங்களையும் பாதி விலைக்குத் தருகிறார். ஆனால் 2024 பதிப்பு வந்துவிட்டதே! சரி, அதை வாங்கினால் அதற்கும் அடுத்தது வந்து நிற்குமோ என்று பயம். தீபாவளி போனஸ் கையில் இருக்கிறது. என்ன செய்யட்டும்?
– கட்டிங் மாஸ்டர் ஒருவர், திருப்பூர்

பதில்: தம்பி, 2003 மே மாதம், பெங்களூரில் இருந்த மச்சானிடம் சொல்லி மூன்றாம் பதிப்பு ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’, அதாவது ஆடுகிறவர்களுக்கான விதிப் புத்தகம், வரவழைத்தேன். பிரவுன் அட்டை போட்டுப் பேரும் எழுதியாச்சு. ஜூலையில் அதைத் திருத்திய 3.5 பதிப்பு வந்துவிட்டது. ஒரு வாரம் அந்தப் புத்தகத்தை நான் தொடவே இல்லை.

அப்புறம், இலவசமாகக் கிடைத்த புது விதிகளைப் பார்த்துப் பென்சிலால் திருத்த உட்கார்ந்தேன். ரேஞ்சர் என்ற காட்டு வீரன் பாத்திரத்தின் ‘ஹிட் டை’, அதாவது உயிர்ப் புள்ளிகளுக்கு உருட்டும் பகடை, பத்துப் பக்கத்திலிருந்து எட்டுக்கு இறங்கியிருந்தது. ரேஞ்சராக ஆடிய பெருந்துறைக்காரர் இன்றைக்கும் அந்த ரெண்டு புள்ளிக்காக என்னோடு மல்லுக்கு நிற்பார். அந்தப் பென்சில் புத்தகத்தை வைத்தே 2008இல் நான்காம் பதிப்பு வரும்வரை ஆடினோம்.

பதிப்புகள் வந்த வருஷங்களைப் பாருங்கள்: 2000, 2003, 2008, 2014, 2024. ஒரு தடவை மூணு வருஷம், ஒரு தடவை பத்து வருஷம். இதில் என்ன கணக்குப் போட்டுக் காத்திருப்பீர்கள்? தீபாவளிக்கு ஈரோடு ஜவுளிச் சந்தைக்குப் போகிறவர், பொங்கலுக்குப் புது டிசைன் வரும் என்று வெறுங்கையோடு திரும்புவதில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. ஐந்து பேரும் செல்போனில் பார்ப்பது எந்த வருஷத்து விதி? காயம் ஆற்றும் ‘கியூர் வூண்ட்ஸ்’ மந்திரத்துக்கு 2014இல் ஒரு எட்டுப் பக்கப் பகடை, 2024இல் ரெண்டு. ஒருத்தர் ஒன்று உருட்டி இன்னொருத்தர் ரெண்டு உருட்டினால் அன்றைக்கு ஆட்டம் நடக்காது, பஞ்சாயத்துதான் நடக்கும்.

எல்லோரும் 2014 என்றால், கோயம்புத்தூர்க்காரரிடம் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கை மட்டும் கேளுங்கள். மூன்றும் சேர்த்துத்தான் என்று பிடிவாதம் பிடித்தால் விட்டுவிடுங்கள். அரக்கர், பூதங்களுக்கு இலவச விதித் தொகுப்பே இப்போதைக்குப் போதும். 2024 என்றால் புதுசில் அந்த ஒரு புத்தகம். பழைய சாகசக் கதைப் புத்தகம் எங்காவது மலிவாகக் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். அதை 2024 விதியிலும் ஓட்டலாம்.

மிச்சப் பணத்துக்கு ஆளுக்கொரு பகடை செட். ஜமக்காளத்தில் உருட்டாதீர்கள், இருபது பக்கப் பகடை மடிப்பில் சாய்ந்து நின்றுகொள்ளும். எவர்சில்வர் தட்டு என்றால் பக்கத்து வீட்டில் தூங்குகிறவர்கள் எழுந்து வந்துவிடுவார்கள். நாங்கள் முறத்தில்தான் உருட்டுகிறோம்.